எண்ணூர் புட்டிங்கும் மாட்டுப் படம் போட்ட டின்னும்

ராயபுரம் டேசன். காலைல ஏழு மணி. கையில தேர்டு கிளாஸு டிக்கெட்டு, எண்ணூரு வரைக்கும் மூணணா. எட்டு ஒம்போது மைலுதான் தூரம். ஆனா என் மண்டைக்குள்ள ஏறிக்கினு இருந்த கோவத்துக்கு கல்கத்தா வரைக்கும் போனாலும் பத்தாது.

எதுக்குக் கோவம்னு கேப்பீங்க. ஒரு புட்டிங்குக்கு.

சொல்றேன். போன மாசம் எங்க காலேஜு பசங்க எண்ணூர் கழியில படகுப் பந்தயம் வுட்டோம். நானும் துடுப்பு போட்டேன். முடிஞ்சதும் எங்க இங்கிலீஷ் புரொபசரு, அவரு தோஸ்து ஒரு கம்பெனி துரையோட பங்களாவுல எங்களுக்கு டின்னரு குடுத்தாரு. கடைசியில ஒரு தட்டு வந்துச்சு. கருகருன்னு, கவுத்து வச்ச சட்டி மாதிரி உருண்டையா, ஆவி பறக்க. வெட்டினா உள்ள திராட்சை, சக்கரை, பட்டை வாசனை. பேரு புட்டிங்கு. நான் ரெண்டு வாட்டி வாங்கித் தின்னேன். இன்னொரு வாட்டி குடுத்திருந்தாலும் தின்னிருப்பேன்.

வூட்டுக்கு வந்ததும் எங்க அக்கா செண்பகம் கேட்டுச்சு, "இன்னாடா துன்ன?" நானும் கை கால ஆட்டி வர்ணிச்சேன். அந்த நேரம் பாத்து முன்கட்டுல எங்கப்பாவோட சங்கரலிங்கம் மாமா உக்காந்துகினு இருந்தாரு. மாமான்னா சொந்த மாமா இல்ல. அக்காவுக்குப் பேசி முடிச்ச மாப்பிள்ளையோட அப்பா. எங்கப்பாவும் அவரும் ஒரே திருநெல்வேலிப் பக்கத்துலேர்ந்து மூட்டையோட மெட்ராஸ் வந்தவங்க. எங்கப்பா ராயபுரத்துல மளிகை மண்டி. மாமா ஹார்பர் கேட்டாண்ட கடை, நிக்கிற கப்பலுங்களுக்கு அரிசி பருப்புலேர்ந்து டின்னு சாமான் வரைக்கும் சப்ளை.

மறுவாரம் மாமா வந்தாரு. சும்மா வரல. சொந்தக்காரங்க நாலு பேரு, ஒரு வக்கீல் குமாஸ்தா, அந்தாளு கக்கத்துல தலகாணி சைசுல ஒரு இங்கிலீஷ் அகராதி.

"வாசிங்க வே," அப்டின்னாரு மாமா.

குமாஸ்தா கண்ணாடிய ஏத்திக்கினு படிச்சு அர்த்தம் சொன்னாரு. புட்டிங்குன்னா பன்னி, ஆடு, மாடு இதுங்களோட குடல்ல ரத்தம், கொழுப்பு, தானியம் எல்லாம் அடைச்சு வேக வச்ச பதார்த்தம்.

"கேட்டியளா?" மாமா எல்லாரையும் ஒரு சுத்து பாத்தாரு. "குடலு. ரத்தம். மாட்டுக் கொழுப்பு."

எங்க வூட்ல மீனு ஆடு கோழி எல்லாம் உண்டு. மாடு மட்டும் ஆகாது. அந்த வார்த்தைய கேட்டதும் எங்கம்மா உள்ள போய் உக்காந்துட்டாங்க.

நான் வுடுவேனா? "அது ஆதி காலத்து அர்த்தம் மாமா. கீழ படிக்கச் சொல்லுங்க. இனிப்புன்னு போட்டிருக்கும்."

"மேல இருக்கதுதானல முதல்ல? கீழ உள்ளது பொறவு வந்தது. நாம எதுலயும் முதல்லதான் பாக்குறது."

இது ஒரு நியாயமா? அகராதி இன்னா கல்யாண வரிசையா, மொதல்ல நிக்கறவனுக்குத்தான் மாலைன்னு? ஆனா மாமா தீர்ப்பே சொல்லிட்டாரு. வர்ற வெள்ளிக்கிழமை நடக்க வேண்டிய பரிசம் நிக்கும். நான் ராமேஸ்வரம் போய் மொட்டையடிச்சு முழுக்கு போட்டு வந்தப்புறம்தான் மேல பேச்சு. "நாளைக்கு என் பேரப்பிள்ளைக்குக் காது குத்துறப்ப தாய்மாமன் மடியில்லா உக்காத்தணும்? மாட்டுக் கொழுப்பு தின்ன மடியிலயா உக்காத்துவேன்?" அப்புறம் ஒரு சலுகை: "இல்ல, அதுல மாட்டுச் சமாச்சாரம் ஒண்ணும் கெடையாதுன்னா, சமைச்ச ஆளக் கூட்டியாந்து இந்த நாலு பேருக்கு முன்னால சொல்ல வையி."

அக்கா இதுக்கு முன்னாடி ரெண்டு மாப்பிள்ளைய வேணாம்னு சொல்லியாச்சு. இவரைத்தான் மொத மொத சரின்னுச்சு. ஹார்பர்ல டைப்பிஸ்டு, பேப்பர் படிக்கிற மனுசன், பொண்ணு பாக்க வந்தப்போ பொண்ணையும் ஏதாவது கேக்கச் சொன்னவரு. நான் தின்ன ஒரு பண்டத்துக்கு அக்கா கல்யாணத்த ஆணியில மாட்டி வச்சா எவனுக்குத்தான் எரியாது?

கெளம்பறப்போ அக்கா வாசல் வரைக்கும் வந்துச்சு. "மொட்டை மட்டும் வேணாம்டா. உன் மண்டை கோணல். போய் அந்த சமையக்காரர கேட்டுக்கினு வா. எதுவா இருந்தாலும் எனக்குச் சொல்லாம மறைக்காத."

இதான் கதை. இப்போ வண்டி ஏறலாம்.

தேர்டு கிளாஸ்ல ஜன்னலாண்ட ஒரு எடம் கெடச்சுது. எதிர்ல ஒரு ஆளு, நீலச் சட்டை, கையெல்லாம் தார். ஹார்பர்ல கப்பல இழுக்கற டக்குபோட்ல வேலையாம். ராத்திரி ஷிப்டு முடிச்சு திருவொத்தியூர்ல இருக்கற வூட்டுக்குப் போய்க்கினு இருந்தாரு. என் மூஞ்சப் பாத்துட்டு அவரே ஆரம்பிச்சாரு.

"இன்னா நைனா, பரீச்ச ஊத்திக்கிச்சா?"

"பரீச்ச இல்ல. புட்டிங்கு."

"புட்டிங்கா? எங்க போட்ல கீதே. மூக்கு மேலயே கட்டிக்கினு கீறோம்."

எனக்கு ஒண்ணும் புரியல. அவரு கைய விரிச்சுக் காட்டினாரு. பழைய தாம்புக் கயித்த எல்லாம் சேத்து, உள்ள சாக்கு திணிச்சு, யானைத் தும்பிக்கை தடிமனுக்கு முறுக்கி, போட்டோட மூக்குல கட்டி வப்பாங்களாம். கப்பலப் போய் முட்டித் தள்றப்போ ரெண்டுத்துக்கும் அடி படாம இருக்க. அதுக்கு கேப்டன் துரை வச்சிருக்கற பேரு புட்டிங்கு.

"அதைத் துன்னியா நீ?" அப்டின்னாரு. பெட்டி முழுக்க சிரிப்பு.

சிரிங்க, சிரிங்க. ஆனா எனக்கு அப்போதான் ஒண்ணு வெளங்கிச்சு. முந்தா நாள் காலேஜு லைப்ரரியில உக்காந்து இந்த ஒரு வார்த்தைய தோண்டு தோண்டுன்னு தோண்டிருந்தேன். எங்கேர்ந்து வந்துச்சுன்னு எந்தப் பண்டிதனுக்கும் உறுதியாத் தெரியாது. பிரெஞ்சுக்காரன் ரத்தம் அடைச்ச குடலுக்கு வச்சிருக்கற பேர்லேர்ந்து வந்துச்சுன்னு ஒரு கட்சி. இல்ல, வீங்கிப் போனது, உப்பிப் போனதுங்கற பழைய வேர்லேர்ந்து வந்துச்சுன்னு இன்னொரு கட்சி. எப்படியோ, அந்தக் காலத்துல இங்கிலீஷ்காரன் குளிர் நாள்ல மிருகத்த அடிச்சான்னா எதையும் வீணாக்க மாட்டான். குடலக் கழுவுவான், உள்ள கெடச்சத அடைப்பான், வாயக் கட்டுவான், கொதிக்கற தண்ணியில போடுவான். அதான் மொத புட்டிங்கு. அப்புறம் எவனோ ஒரு புண்ணியவான் குடலுக்கு பதிலா துணியில கட்டினான். துணி வந்ததும் உள்ள மாவு வந்துச்சு, திராட்சை வந்துச்சு, சக்கரை வந்துச்சு. ரத்தம் போச்சு. பேரு மட்டும் போகல. அப்புறம் சாப்பாட்டு கடைசியில எந்த இனிப்பு வந்தாலும் அவனுக்கு அது புட்டிங்கு. அரிசிய பால்ல வேகவச்சு சக்கரை போட்டா அதுவும் புட்டிங்கு. அதாவது நம்ம பாயசம்! மாமா நாளு கிழமைக்கு ரெண்டு டம்ளர் குடிக்கறாரே, அதுக்கும் துரை ஊர்ல இதே பேருதான். அப்போ அதுவும் குடலா? ரத்தமா?

டக்குபோட் ஆளு கயித்து மூட்டையும் அதே சாதி. உள்ள ஏதோ திணிச்சு, வெளிய இறுக்கிக் கட்டி, உப்பி நிக்கற எதுக்கும் அந்தப் பேரு. இதை மாமாகிட்ட சொன்னா, "அப்ப கயித்தையும் தின்னியோ?"ன்னு கேப்பாரு. சொல்ல மாட்டேன்.

வண்டி கொருக்குப்பேட்டை தாண்டி, தண்டையார்பேட்டை தாண்டி திருவொத்தியூருக்கு வந்துச்சு. கெழக்கால கடலு, நடுவுல தென்னந்தோப்பு, கோயில் கோபுரம். இந்தப் பக்கம் தீப்பெட்டிக் கம்பெனி, சங்கு ஊதி பொம்பளைங்களும் ஆம்பளைங்களும் கும்பலா உள்ள போய்க்கினு இருந்தாங்க. காத்துல கந்தக வாடை. டக்குபோட் ஆளு எறங்கறப்போ என் தோளத் தட்டி, "பேஜார் பண்ணிக்காத மாமு. எதைத் துன்னாலும் வவுத்துக்கு ஒரே பேருதான்"னு சொல்லிட்டுப் போனாரு. மாமாவோட நாலு சொந்தக்காரங்களுக்கு பதிலா இந்தாள உக்கார வச்சிருந்தா பரிசம் நின்னே இருக்காது.

எட்டு மணி வாக்குல எண்ணூரு. எறங்கினதும் மூஞ்சில உப்புக் காத்து. மேக்கால கண்ணு கூசற மாதிரி உப்பளம், பாத்தி பாத்தியா வெள்ளை வெளேர்னு. கால்வாயில சவுக்குக் கட்டை ஏத்தின படகு ஒண்ணு, கரையில ரெண்டு பேரு கயித்தப் போட்டு இழுத்துக்கினு போனாங்க. டேசன் வாசல்ல ஒரே ஒரு ஜட்கா. கழியோரம் இருக்கற துரை பங்களாவுக்கு ஆறணா கேட்டாரு வண்டிக்காரரு.

"ஒரு மைலுக்கு ஆறணாவா? குதிரை இன்னா பாலு குடுக்குமா?"

"பங்களாவுக்குப் போறவங்க பேரம் பேச மாட்டாங்க சாமி."

"நான் பங்களாவுக்குப் போவல. பங்களா சமையக்கட்டுக்குப் போறேன்."

"அப்போ நாலணா," அப்டின்னு சிரிச்சுக்கினே ஏத்திக்கினாரு. எண்ணூருல சமையக்கட்டுக்கு இருக்கற மரியாதை இது.

பங்களா பாக்க ஜோரா இருக்கும். கழி தண்ணி படிக்கட்டு வரைக்கும் வந்து மோதும். அந்தாண்டக் கரையில சவுக்குத் தோப்பு, காட்டுப்பள்ளிக்குப் போற தோணி. வெள்ளைக்காரங்க சனி ஞாயிறு வந்து காத்து வாங்கிக்கினு போவாங்க. அன்னைக்கு வாரநாளு, துரை இல்ல. பின்கட்டுல சமையக்காரர் கன்னியப்பன் மட்டும் ஒரு நாற்காலியில கால் மேல கால் போட்டு சுருட்டு புடிச்சுக்கினு இருந்தாரு. புளியந்தோப்பு ஆளு. ஆயிரம் துரைங்களுக்கு அவருதான் எஜமான்ங்கற தோரணை.

"டின்னருக்கு வந்த பசங்கள்ல ஒண்ணா நீ? ரெண்டு வாட்டி கேட்டு வாங்கின பையன்தான? அப்பவே நெனச்சேன், இவன் திரும்ப வருவான்னு. என் புட்டிங்க துன்னவன் திரும்ப வராம போனதில்ல. மயிலாப்பூர் ஜட்ஜு ஐயா வூட்லேர்ந்து கூட ஒரு வாட்டி ஆளு வந்தாங்க, தெரியுமா?"

நான் கதைய முழுசா சொன்னேன். அகராதி, குடலு, மொட்டை, வெள்ளிக்கிழமை, அக்கா. சொல்லிட்டுக் கேட்டேன்: "நைனா, நீங்க வந்து அதுல மாட்டுக் கொழுப்பு இல்லன்னு நாலு பேர் எதிர்ல ஒரு வார்த்தை சொல்லணும்."

அவரு சுருட்ட வாயிலேர்ந்து எடுத்தாரு.

"இல்லன்னு சொல்லணுமா?"

"ஆமா."

"இன்னா நைனா நீ! அது இல்லாம புட்டிங்கு இன்னா புட்டிங்கு? கிட்னி மேல வர்ற கொழுப்புய்யா அது. அதைப் போட்டாதான் ஆறு மணி நேரம் கொதிச்சாலும் கல்லு மாதிரி ஆவாம பஞ்சு மாதிரி வரும். இல்லன்னு சொன்னா நாளைக்கு துரை காதுக்குப் போவும். கன்னியப்பன் கொழுப்பு போடாம ஏமாத்தறான்னு சீட்டக் கிழிச்சுடுவான். உங்க அக்கா கல்யாணத்துக்கு என் வேலை போவணுமா?"

போச்சு. என் சாட்சி போச்சு. ராமேஸ்வரம் டிக்கெட்டு கண்ணு முன்னாடி ஆடிச்சு. ஆனா அவரு நிறுத்தல.

"அது இருக்கட்டும். நான் ஒண்ணு கேக்கறேன். வரேன்னே வச்சுக்க. எங்க நிக்க வப்பீங்க? வாசப்படியாண்ட நிக்க வச்சு, சாட்சிய வாங்கிக்கினு, அப்படியே அனுப்பிடுவீங்க. சோறு போடுவீங்களா?"

"போடுவேன்."

"எங்க? கொல்லப் பக்கமா? பந்தியிலயா?"

நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அவரே சொன்னாரு: "எங்க வூட்ல மாடு ஆக்கித் துன்றோம். திருட்டுத்தனமா துன்னல. அதுக்காக நீ 'மாட்டு சமாச்சாரம் இல்ல, சுத்தமா கீது'ன்னு என்னையே வந்து சொல்லச் சொல்றியே, அப்போ எங்க வூட்டு அடுப்பு கலீஜா?"

"நைனா, எனக்கு அது கலீஜா இருந்திருந்தா ரெண்டு வாட்டி துன்னிருப்பேனா? ருசியா இருந்துச்சு. அதைச் சொல்லத்தான் போறேன். என்னைக் குத்தவாளியா நிறுத்தி வச்சவங்ககிட்ட போய் கேளுங்க இந்தக் கேள்விய!"

என் சத்தத்துல கழியில நின்ன கொக்கே பறந்து போச்சு. கன்னியப்பன் சுருட்டக் கீழ வச்சாரு. அப்புறம் சிரிச்சாரு. "ஆமா, யாரு அந்த ஆளு? பேரு இன்னா?"

சொன்னேன். ஹார்பர் கேட்டாண்ட கடை, சங்கரலிங்கம், கடை முத்திரையில வேல் படம்.

மனுசன் நாற்காலியிலேர்ந்து எழுந்தே நின்னுட்டாரு. "வேல் கடைக்காரரா!" உள்ள ஓடினாரு. அலமாரியிலேர்ந்து ஒரு டின்னக் கொண்டாந்து என் கையில குடுத்தாரு. முன்னாடி கொழுத்த மாடு ஒண்ணு படம். இங்கிலீஷ்ல எழுதியிருந்துச்சு, சுத்தம் பண்ண மாட்டுக் கொழுப்புன்னு. திருப்பிப் பாத்தேன். அடியில ஊதா மையில வேல் முத்திரை.

"எங்க வாங்கறேன்னு நெனச்ச? அவரு கடையிலதான்! கப்பல்காரனுக்கு இதான் புட்டிங்கு சாமான். பொட்டி பொட்டியாப் போவும். ஒரு வாட்டி நான் போய், நசுங்கின டின்னு கம்மி வெலைக்குக் குடுன்னு கேட்டேன். கப்பல்ல நசுங்கினத எடுத்துக்க மாட்டாங்க பாரு. கடை ஆளு இன்னா சொன்னாரு தெரியுமா? 'நசுங்கல் எல்லாம் மொதலாளி வூட்டுக்குப் போவுது. பலகாரம் சுட.'"

நான் டின்ன இன்னொரு வாட்டி திருப்பிப் பாத்தேன்.

"நான் இன்னா நெனச்சேன்? சரி, இவங்களும் நம்மாளுங்க மாதிரி முன்னேறிட்டாங்கன்னு நெனச்சேன்!"

அந்தப் பின்கட்டுல நாங்க ரெண்டு பேரும் வவுத்தப் புடிச்சுக்கினு சிரிச்ச சிரிப்பு இருக்கே! ஆனா சிரிப்பு அடங்கினதும் எனக்குக் கோவம் ரெண்டு மடங்காச்சு. ஒரு நாளு ரெண்டு துண்டு தின்ன எனக்கு மொட்டை. வருசக் கணக்கா வாணாலி வாணாலியா காச்சித் தின்னவரு நீதிபதி.

டின்ன வாங்கி மேல்துண்டுல சுத்திக்கினேன். கெளம்பறப்போ கன்னியப்பன் சொன்னாரு: "இதை நடு வூட்ல போட்டு ஒடைக்கப் போறியா? ஒடைச்சா உங்க அக்கா கல்யாணமும் சேந்து ஒடையும். பாத்துக்க." அதைத்தான் நானும் திரும்பி வர்ற வண்டி முழுக்க யோசிச்சுக்கினு வந்தேன். மடியில டின்னு. ஜன்னல்ல உப்பளம், தோப்பு, கோபுரம் எல்லாம் பின்னாடி ஓடிச்சு. காலைல கந்தக வாடை அடிச்ச அதே எடத்துல இப்போ எதுவுமே மூக்குல ஏறல.

மத்தியானம் நேரா மாமா கடைக்குப் போனேன். கடையில கூட்டம் இல்ல. கல்லாவுல சாஞ்சு உக்காந்திருந்தாரு, நெத்தி நெறைய திருநீறு.

"என்னல, ஆளக் கூட்டியாந்தியா?"

டின்ன எடுத்து கல்லாப் பொட்டி மேல வச்சேன்.

மாமா மூஞ்சி மலந்து போச்சு. "இது நம்ம சரக்குல்லா! கப்பல் வெண்ணெய். நல்ல சாமான் பாத்துக்க. நசுங்கினது வந்தா வீட்டுக்குக் குடுத்து விட்டுருவேன். அதிரசத்துக்கு இதை மிஞ்ச ஒண்ணு கெடையாது. பூ வைக்க வந்தப்ப உங்க வீட்டுக்குக் கொண்டாந்தமே, ஞாபகம் இருக்கா?"

"மாமா, இதுல இன்னா எழுதியிருக்குன்னு யாரையாவது படிக்கச் சொன்னீங்களா?"

"எதுக்கு? படம் போட்டிருக்கே."

நான் படிச்சேன். ஒவ்வொரு வார்த்தையா, சத்தம் போடாம, தமிழ்ல அர்த்தம் சொல்லி. எண்ணூர் புட்டிங்கு சாமானும் இதேதான்னு சொன்னேன்.

மாமா கை கல்லா மேலேர்ந்து மெதுவா மடிக்கு எறங்குச்சு. டின்னுல இருந்த மாட்ட ரொம்ப நேரம் பாத்தாரு. "மாட்டுப் படம் போட்டிருக்கே தம்பி. மாட்டுப் படம் போட்டா மாட்டு வெண்ணெய்தானே? நெய் டின்னுலயும் இதே படந்தான போடுதான்?" "எங்க அம்மைக்கு திதிப் பலகாரம் கூட இதுலதான் சுட்டோம்."

காலைலேர்ந்து சேத்து வச்ச கோவம் மொத்தமும் என் நாக்கு நுனியில நின்னுச்சு. அந்தக் கடைசி வார்த்தை வரலன்னா கொட்டிருப்பேன்.

அவரு தலைய நிமித்தினாரு. "இது வேற யாருக்குத் தெரியும்?" அப்புறம் மெல்ல, "தம்பி... அந்த அகராதியில கீழ இனிப்புன்னு ஒரு அர்த்தம் இருக்குன்னு சொன்னியே. அதுவும் சரியான அர்த்தந்தானே?"

வந்துச்சு பாருங்க எனக்கு! "அப்போ எனக்கு மேல் வரி, உங்களுக்குக் கீழ் வரியா? என் தலைக்கு கத்தி எடுக்கறப்போ இந்த வரி எங்க போச்சு? எங்கம்மா உள்ள போய் அழுதாங்களே, அப்போ எங்க போச்சு?"

"சத்தம் போடாதய்யா. பரிசம் வெள்ளிக்கிழமையே வச்சுக்கிடுவோம். மொட்டை எல்லாம் ஒண்ணும் வேண்டாம்."

"எங்க அக்காவ கேட்டு சொல்றேன்"னு டின்னத் தூக்கிக்கினு எழுந்து வந்துட்டேன்.

அக்காகிட்ட எதையும் மறைக்கல. மொதல்ல அதுக்கு சிரிப்புத்தான் வந்துச்சு. "அப்போ பூ வச்ச அன்னைக்கு நானும் நாலு அதிரசம் துன்னேனேடா!" அப்புறம் சிரிப்பு போச்சு. டின்ன கையில வச்சு உருட்டிக்கினே இருந்துச்சு.

"மாமா தெரிஞ்சா செஞ்சாரு? பாவம்டா. ஆனா நீயும்தான் தெரியாமத் துன்ன. உனக்கு மட்டும் நாலு பேர் எதிர்ல அசிங்கம். அந்த சமையக்காரர் தெரிஞ்சே துன்றாரு, தெரிஞ்சே சொல்றாரு. அவரை வாசப்படியாண்ட நிக்க வச்சு சாட்சி மட்டும் வாங்கிக்கலாம்னு இருந்திருக்காங்க." டின்னக் கீழ வச்சுது. "போய் மாமாகிட்ட சொல்லு. டின்னப் பத்தி நம்ம வூட்லேர்ந்து ஒரு வார்த்தை வெளிய வராது. பரிசம் வெள்ளிக்கிழமை. ஆனா பந்தியில அந்த புட்டிங்குக்காரருக்கு உன் பக்கத்துல ஒரு இலை. மொத பந்தி. அது இல்லன்னா எனக்கு இந்தக் கல்யாணமே வேணாம்."

"அக்கா, நெசமாவா? மாப்பிள்ளை?"

"அவருக்கும் இதைச் சொல்லி அனுப்பு. சரின்னு சொல்லலன்னா எனக்கும் அவரு வேணாம்."

மாப்பிள்ளை உடனே சரின்னு சொல்லி அனுப்பிட்டாரு. மாமாதான் ஒரு நாள் பூரா பேசல. மறுநாள் சாயங்காலம் எங்க வாசல்ல வந்து நின்னு, என் மூஞ்சியப் பாக்காம, "இலை போட்டுரு"ன்னாரு. அவ்ளோதான்.

வெள்ளிக்கிழமை. அதே நாலு சொந்தக்காரங்க. அகராதி வரல. மாமா எழுந்து தொண்டையக் கனைச்சுக்கினு, "தம்பி தின்னது வெறும் இனிப்புதான். நாந்தான் விவரம் தெரியாம அவசரப்பட்டுட்டேன்"னு சொல்லிட்டு சடார்னு உக்காந்துட்டாரு. விவரம் தெரியாம! அது மட்டும் சத்தியமான வார்த்தை.

கன்னியப்பன் கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு, தலப்பா சகிதம் வந்து எறங்கினாரு. பந்தியில என் பக்கத்துல உக்காந்தாரு. அந்தாண்ட ஒரு சொந்தக்காரரு, "இது யாரு?"ன்னு என்னைக் கேட்டாரு. நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி மாமா குரல் வந்துச்சு, "நமக்கு வேண்டப்பட்டவரு. சாப்பிடுங்க வே." அந்தாளு இலைய ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கினாரு. மாட்டுக் கொழுப்புல சுட்ட அதிரசத்த அவரு மாமா வூட்ல எத்தினி தின்னிருப்பாரு! இலையத் தள்ற வெரல ஒடைக்கணும் போல இருந்துச்சு. அக்காவுக்குக் குடுத்த வார்த்தைக்காக கம்னு இருந்தேன். நான் மூடறேன்னு சொன்னது வாயத்தான், பேனாவ இல்ல. அதான் பேரெல்லாம் மாத்தி இதை எழுதறேன். அக்கா படிச்சுட்டு, "நாலு அதிரசம்னு எழுதாதடா, ரெண்டுன்னு போடு"ன்னு மட்டும் சொல்லுச்சு. நான் மாத்தல.

எண்ணூருக்கும் ராயபுரத்துக்கும் நடுவுல எட்டு ஒம்போது மைலுன்னு டிக்கெட்டுல கணக்கு. அங்க ஒரு சமையக்கட்டுல டின்னு அலமாரியில நேரா நிக்குது, கேட்டா கேட்ட கேள்விக்கு பதிலு வருது. இங்க அதே டின்னு பரண் மேல ஏறி வேற பேரு வச்சுக்கினு நிக்குது, கேக்கறவனுக்கு மொட்டை. இந்த தூரத்துக்கு எந்த டேசன்ல டிக்கெட்டு குடுக்கறான்னு எனக்குத் தெரியல.

பந்திக் கடைசியில மாமா வூட்டு அதிரசம் வந்துச்சு. மாமாவே கையில தட்ட ஏந்திக்கினு வரிசையா வச்சுக்கினு வந்தாரு. கன்னியப்பன் இலையாண்ட வந்ததும் ஒரு நொடி நின்னாரு. அப்புறம் குனிஞ்சு, ஒண்ணுக்கு ரெண்டா வச்சுட்டு, யாருக்கும் கேக்காத மாதிரி, "நல்லெண்ணெய்தான்"னு சொல்லிட்டு நகந்தாரு.

கன்னியப்பன் ஒரு கடி கடிச்சாரு. கண்ண மூடி மென்னாரு. அப்புறம் என் காதாண்ட குனிஞ்சாரு.

"நைனா, பாவம்யா அவரு. அவரு வூட்டு அதிரசம் முன்ன மாதிரி இருக்காது இனிமே."